எழுந்து நடப்பாரா?

போன மாதம் காட்பாடியில் இருக்கும் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். என்னோடு ஒரே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. வலது கை, வலது கால் இரண்டும் சரியாக வரவில்லை. பேச்சு கொஞ்சம் குழறுகிறது, ஆனால் புரிகிறது. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் நாலு பேர் வந்து போனார்கள். நாலு பேரும் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசை மேல் வைத்துவிட்டு, அவர் மனைவியை ஓரமாக அழைத்து, ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எழுந்து நடப்பாராம்மா?"

உள்ளே படுத்திருந்தவருக்கு அது காதில் விழாமல் இருக்காது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

இந்தக் கேள்வியை நான் ஐம்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். கேட்டவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன். முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினவன் என்பதால் நடுவில் எகிப்துக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டுத்தான் ஊருக்கு வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1971, புளி உலுக்கும் காலம். ஒடுகத்தூர் பக்கம் எங்கள் அம்மா பிறந்த ஊர். என் சின்ன மாமாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. புளிய மரத்தில் ஏறி உலுக்கிக்கொண்டிருந்தவர் கிளை முறிந்து கீழே விழுந்தார். கல் மேல் முதுகு பட்டது. கீழே புளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து, ஆளுக்கு ஒரு கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மடித்துப் படுக்க வைத்துக் கொண்டு போனார்கள். முதுகு உடைந்தவரை அப்படித் தூக்கக் கூடாது, உடம்பைத் திருகாமல் பலகை மேல் நேராகக் கிடத்தித்தான் தூக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அன்பினால் செய்தார்கள். விழுந்ததில் போனது எவ்வளவு, தூக்கியதில் போனது எவ்வளவு என்று மாமா பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது.

முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பிறகு என் தாத்தாவிடம், "இடுப்புக்குக் கீழே ஒண்ணும் வராது, வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லபடியா வெச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நல்லபடியாக வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்குத் தெரிந்தபடி வைத்துக்கொண்டோம். கயிற்றுக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். பாட்டி சோறு ஊட்டினாள். எண்ணெய் போட்டுத் தேய்க்க ஒருவர், மந்திரிக்க ஒருவர், எலும்பு கட்ட ஒருவர் என்று வந்து போனார்கள். கால் காணி நிலம் கைமாறியது. இரண்டு மாதத்தில் இடுப்புக்குக் கீழே, கட்டில் கயிறு அழுத்தின இடத்தில், என் உள்ளங்கை அளவுக்குப் புண் வந்தது. மாமாவுக்கு வலியே இல்லை. வலி இல்லாததால் புண் இருப்பதே நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அப்போதும் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் கேட்டது, "எழுந்து நடப்பானா?" என்றுதான்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரைக் குறை சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆசை இருந்தது. பின்னால் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அவர் சொன்னது அவருடைய சொந்த வார்த்தை இல்லை. அதற்கு மூவாயிரத்து ஐந்நூறு வருட வயது. எகிப்தில் கிடைத்த, எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று சொல்லப்படும் ஒரு பழைய வைத்தியச் சுவடி இருக்கிறது. சுமார் கி.மு. 1600 என்கிறார்கள். அதில் 48 காயங்களைப் பற்றி எழுதியிருக்கிறது. கழுத்தெலும்பு இடம் பெயர்ந்து, கை கால் உணர்ச்சி போய், சிறுநீர் தானாகச் சொட்டுகிறவனைப் பற்றியும் இருக்கிறது. அறிகுறிகளை அவ்வளவு சரியாகப் பார்த்து எழுதின அந்த வைத்தியர், கடைசியில் இது வைத்தியம் செய்யக்கூடியதல்ல என்று முடித்துவிடுகிறார். அந்தத் தீர்ப்பு ராஜ்ஜியங்கள் மாறியும் மாறவில்லை. முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்ட சிப்பாய்களில் பத்துக்கு எட்டு பேர் செத்துப்போனார்கள். அவர்களைக் கொன்றது முதுகெலும்பு இல்லை. படுக்கைப்புண்ணும், சிறுநீர்ப்பையில் தங்கின நீர் சீழ் பிடித்ததும்தான். இரண்டும் கவனித்தால் தடுக்கக்கூடியவை.

இதைக் கண்ணால் பார்த்து மனதில் வைத்துக்கொண்டவர் ஒரு ஜெர்மன் யூதர், லுட்விக் குட்மான். 1917-ல் பதினெட்டு வயதில், நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி உதவியாளாக வேலை செய்தார். முதுகு முறிந்த ஒரு சுரங்கத் தொழிலாளி வந்தான். வாட்டசாட்டமான இளைஞன். அவனைச் சுற்றித் திரை கட்டிவிட்டார்கள். குட்மான் அவன் விவரங்களைக் குறித்துக்கொண்டபோது, அதெல்லாம் வேண்டாம், சில வாரத்தில் போய்விடுவான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து வாரத்தில் போய்விட்டான். குட்மான் நரம்பு அறுவை நிபுணரானார். ஹிட்லர் ஆட்சியில் உயிர் தப்பி, 1939-ல் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில், முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களுக்கான பிரிவை நடத்த அவரைக் கூப்பிட்டார்கள். மற்ற டாக்டர்கள் யாரும் பெரிதாக ஆசைப்படாத வேலை.

அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். பகலும் இரவும். நடுராத்திரியில் தானே வந்து நின்று, புரட்டினார்களா என்று பார்ப்பாராம். சிறுநீர்க் குழாய் விஷயத்தில் சுத்தம். போர்க்காலத்தில் வந்த பென்சிலினும் கை கொடுத்தது. ஆட்கள் சாவது நின்றது. சாகாமல் இருக்கிறவனுக்கு நாள் முழுக்க என்ன வேலை என்ற அடுத்த கேள்வி அப்போதுதான் வந்தது. தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்க்கும் வேலை என்று பட்டறைகள் வைத்தார். விளையாட வைத்தார். 1948 ஜூலை 29, லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஆஸ்பத்திரி மைதானத்தில் 16 பேர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வில் விட்டார்கள். 1960-ல் ரோமில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் வந்தார்கள். இன்று நாம் டிவியில் பார்க்கும் பாராலிம்பிக் அந்த மைதானத்தில் பிறந்ததுதான்.

இது இங்கிலாந்துக் கதை. 1971-ல் ஒடுகத்தூர்க்காரனுக்கு இதனால் என்ன? இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில், வேலூரில் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வேலூர்க்காரர்களுக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது. அங்கே 1946-ல் பால் பிராண்ட் என்ற டாக்டர் வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாக உதிர்ந்து விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். பிராண்ட் கூர்ந்து பார்த்தார். நோய் நரம்பைத்தான் சாகடிக்கிறது. நரம்பு போனால் வலி போகிறது. வலி போனவன் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறான், காலில் முள் குத்தினபடியே பத்து மைல் நடக்கிறான். அந்தக் காயங்கள்தான் விரலைத் தின்கின்றன. அதாவது, வலி தெரியாத உடம்போடு வாழக் கற்றுக்கொடுத்தால் விரல் மிஞ்சும். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, நல்ல தசைநாரை எடுத்து மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையும் செய்தார். கை சரியான பிறகு அந்தக் கைக்கு வேலை வேண்டுமே என்று தச்சுப் பட்டறையும் வைத்தார். குட்மானும் பிராண்டும் வேறு வேறு நோயைப் பார்த்தவர்கள், வந்து சேர்ந்த இடம் ஒன்று.

அந்தக் கல்லூரியில் படித்து டாக்டரானவர் மேரி வர்கீஸ். 1925-ல் கொச்சியில் பிறந்தவர். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு வண்டியில் உல்லாசப் பயணம் போனபோது விபத்து. முகத்தில் பெரிய காயம், முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இருபத்தெட்டு வயது. மாமாவைப் போலத்தான், ஏறக்குறைய அதே வயது, அதே அடி. கை அறுவை சிகிச்சையை டாக்டர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று வழி காட்டினவர் பிராண்ட். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். இதை நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் உணர்வில்லாத கால், அந்தப் பக்கம் உணர்வில்லாத கை.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மருத்துவமனையில் தனக்கே மறுவாழ்வுப் பயிற்சி எடுத்துக்கொண்டார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் அந்தத் துறையையே படித்தார். நோய் வராமல் தடுப்பது ஒன்று, வந்த நோயைக் குணப்படுத்துவது இரண்டு, குணமாகாத உடம்போடு வாழ வைப்பது மூன்றாவது வைத்தியம் என்று சொன்னவர் அந்த ரஸ்க். 1963-ல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு மேரி வர்கீஸ் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அப்படிப்பட்டதில் அதுதான் முதல். 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் கதையை டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க அம்மையார் 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்று புத்தகமாகவே எழுதியிருக்கிறார். எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. கரையான் தின்னும் முன்னே நான் படித்துவிட்டேன்.

அந்தப் பாகாயத்துக்குத்தான் மாமாவைக் கொண்டுபோனோம். ஊர் கம்பவுண்டர் ஒருவர் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தபோது சொன்னது. "அங்க ஒரு டாக்டரம்மா இருக்காங்க. அவங்களே சக்கர நாற்காலிதான்."

மாமா அதை நம்பவில்லை. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பார்த்துவிட்டார். அன்று சாயந்திரம் நான் போயிருந்தேன். தூரத்தில் போன நாற்காலியைக் கண்ணால் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. விழுந்த நாளிலிருந்து சவரம் செய்துகொள்ளாதவர், மறுநாள் நாவிதரைக் கூப்பிடச் சொன்னார். எந்த மருந்தும் செய்யாததை அந்தக் காட்சி செய்தது என்று நான் எழுதினால் மிகைப்படுத்தின மாதிரி இருக்கும். நடந்தது அதுதான்.

புண் ஆறவே மூன்று மாதம் பிடித்தது. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் மாதிரிதான். படுக்கையில் தானே புரண்டு படுப்பது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கால் மணிக்கு ஒரு தரம் இரண்டு கையையும் ஊன்றி உடம்பை மேலே தூக்கி இறக்குவது. தினமும் காலையில் சின்ன முகக் கண்ணாடி ஒன்றைக் கையில் பிடித்துத் தன் பின்பக்கத்தைத் தானே பார்த்து, எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று சோதிப்பது. நேரம் பார்த்து அடிவயிற்றைத் தட்டி, அழுத்திச் சிறுநீர் கழிப்பது. மலம் கழிக்க ஒரே நேரம், ஒரே பழக்கம். காலிப்பர் மாட்டி, கம்பிகளைப் பிடித்து நிற்பது. நடக்கவும் வைத்தார்கள், பத்தடி, இருபதடி. ஆனால் மாமாவுக்கு அதில் ரொம்ப ஆசை இல்லாமல் போய்விட்டது. "பத்தடி நடந்துட்டு ஒரு மணி நேரம் மூச்சு வாங்கறதுக்கு, நாற்காலியில போயி பத்து நிமிஷத்துல கடைத்தெருவைப் பாத்துடலாம்டா" என்பார்.

பயிற்சிக்கு அடங்காத ஒரே ஆள் என் பாட்டி. சோற்றைப் பிசைந்து ஊட்டப் போவாள். அங்கிருந்த பெண் பயிற்சியாளர் தட்டை வாங்கி மாமா மடியில் வைத்துவிடுவார். பாட்டி வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுவாள். கை நன்றாக இருக்கிற பிள்ளைக்கு ஏன் ஊட்ட வேண்டும் என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "அவன் விழுந்தப்போ நான்தானே அந்த மரத்துக்கு ஏறச் சொன்னேன்."

வீட்டுக்கு வரும்முன் வீட்டை மாற்றச் சொன்னார்கள். தாத்தா வாசற்படியைக் கொத்தி எடுத்துச் சரிவாக மண் கொட்டினார். சிலர் வாசற்படியைக் கொத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். கயிற்றுக் கட்டில் போய்ப் பலகைக் கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் வந்தன, நாற்காலி உயரத்துக்குச் சரியாக. விட்டத்திலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டோம், பிடித்து எழும்ப. கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்று வாங்கினோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்து இருபது வருஷம் மாமா தைத்த காக்கி நிக்கரைத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனார்கள். நான் வாத்தியாராக அந்தப் பக்கம் இருந்தபோது, பையன்கள் வரிசையில் நிற்கையில் பின்பக்கத் தையலைப் பார்த்தே மாமா தைத்தது என்று தெரிந்துவிடும். இரட்டைத் தையல்.

எல்லாம் சுபம் என்று எழுத மாட்டேன். மாமாவுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் கல்யாணம் இல்லை. பஸ்ஸில் ஏற்ற யாராவது தூக்க வேண்டும், தூக்கிக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்காது, அதனால் பல நல்லது கெட்டதுக்கு அவர் வரவில்லை. மழைக்காலத்தில் தெருவில் சக்கரம் போகாது. இரண்டு தரம் சிறுநீர்க் கோளாறு வந்து பிழைத்ததே பெரிய பாடு.

மறுவாழ்வு சிகிச்சையால் என்ன பயன் என்று அளக்க டாக்டர்கள் சில அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். பழையது ஒன்று, 1965-ல் அமெரிக்காவில் மஹோனி என்ற டாக்டரும் பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் வெளியிட்டது. பத்து விஷயங்கள், மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது இப்படி. சமதரையில் நடப்பதற்கு 15 மதிப்பெண். சிறுநீர், மலம் இரண்டும் கட்டுக்குள் இருப்பதற்கு 20. வாத்தியார் புத்தி, மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததும் கூட்டிப் பார்த்தேன். ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு 15 தான். யாரும் கேட்காத, கேட்க வெட்கப்படுகிற விஷயத்துக்கு 20. மாமாவிடம் கேட்டிருந்தால் அவர் இன்னும் கூடவே போட்டிருப்பார். ஈரமில்லாத வேட்டியோடு நாலு பேர் நடுவில் உட்கார முடிந்த அன்றைக்குத்தான் தான் திரும்பி வந்ததாக அவர் நினைத்தார்.

நூறு வாங்கினவன்கூடத் தனியாகக் குடித்தனம் நடத்திவிடுவான் என்று அர்த்தமில்லை என்பதையும் அந்த இருவரே எழுதி வைத்திருக்கிறார்கள். நேர்மையானவர்கள். 1999-ல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், கடுமையான ஊனத்தோடு வாழ்கிறவர்களிடமே போய், உங்கள் வாழ்க்கை எப்படி என்று கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள், 54 சதவீதம் பேர், நன்றாக இருக்கிறது, மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு இது ஒரு புதிர். மீதி 46 பேரையும் மறக்கக் கூடாது. வலி, களைப்பு, உடம்பு தன் சொல் கேட்காமல் போனது, இவையெல்லாம் அவர்களை வாட்டியது என்று அந்த ஆராய்ச்சியே சொல்கிறது.

மாமா 1999-ல்தான் போனார், ஐம்பத்துநாலு வயதில். மேரி வர்கீஸ் அதற்கு முன்பே, 1986-ல் காலமாகிவிட்டார். "நல்லபடியா வெச்சுக்குங்க" என்று அனுப்பப்பட்ட பிறகு மாமா இருபத்தெட்டு வருஷம் இருந்தார். சாமான்களை ஒழுங்கு செய்தபோது தலையணைக்கு அடியில் அந்த முகக் கண்ணாடி இருந்தது. எத்தனையாவது கண்ணாடியோ, தெரியாது. பின்புறத்து ரசம் போய், ஓரத்தில் தையல் நூல் சுற்றியிருந்தது.

காட்பாடி நண்பருக்கு இந்தக் கதை பூராவும் சொல்ல நேரமில்லை. முதுகுத்தண்டு வேறு, மூளையில் வந்த பக்கவாதம் வேறு. அவருக்குக் கை கால் இன்னும் கொஞ்சம் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது, அது அவர் டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் பார்த்துக்கொள்ள வேண்டியது. நான் கேட்டது ஒன்றுதான்.

"சார், காபி டம்ளரை வலது கையில எடுத்துப் பாத்தீங்களா?"

"நேத்து எடுத்தேன். பாதி லுங்கி மேல."

"மீதி?"

"குடிச்சேன்."

பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவி, அதனால்தான் இன்றைக்கு ஸ்பூனில் கொடுத்தேன் என்றார். டம்ளரை அவரிடமே கொடுத்துவிடுங்கள் அம்மா, பழைய லுங்கியாகக் கட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை, பாகாயத்து வராந்தாவில் என் பாட்டி அந்தப் பயிற்சியாளரைப் பார்த்த அதே பார்வைதான்.